இட்லி மாவு சரிவரவில்லையா? உரசலையும் அரைபதத்தையும் அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

மாவு பொங்கவில்லை என்றதும் உளுந்து பழசு, பனி அதிகம், கை ராசி இல்லை என்று காரணம் தேடுகிறோம். அதற்கு முன் கிரைண்டருக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கல் உரசுவதால் தானியம் உடைந்து மேற்பரப்பு பெருகுகிறது. அதே உரசலால் சூடும் பிறக்கிறது. முதலாவது நமக்கு வேண்டியது, இரண்டாவது வேண்டாதது. மாவில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று கூடியதாலோ குறைந்ததாலோ வருபவை.

மேற்பரப்பு எவ்வளவு பெருகும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத் துணுக்கின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதை 0.5 மில்லிமீட்டர் துணுக்குகளாக உடைத்தால் 8 துண்டு, மொத்தம் 12 சதுர மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டராக உடைத்தால் 1000 துண்டு, 60 சதுர மில்லிமீட்டர். எடை கூடவில்லை, குறையவில்லை. தண்ணீரும் நொதிகளும் (என்சைம்கள்) நுண்ணுயிரிகளும் தொடக்கூடிய இடம் மட்டும் பத்து மடங்கு ஆகிவிட்டது. அரைப்பது இயற்பியல் மாற்றம்தான். ஆனால் அதற்குப் பின் வரும் புளிப்பு என்ற வேதி மாற்றத்தின் வேகத்தை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: உளுந்துக்கும் அரிசிக்கும் ஒரே பதம் கிடையாது. உளுந்து வெண்ணெய் போல நைசாக வேண்டும். அரிசி மெல்லிய ரவையில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே பதத்தில் அரைப்பவர்களுக்குக் கீழே உள்ள அறிகுறிகளில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

கீழே சொல்லும் அளவுகள் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டருக்கானவை. இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி, கல் உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி. அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தும் வெந்தயமும் சேர்ந்து ஒன்றரை முதல் 2 மணி நேரம். முதலில் உளுந்தை அரைக்க வேண்டும், கல் குளிர்ந்திருக்கும்போதே.

முதலில் இரண்டு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த இரண்டையும் செய்துவிட்டு மேலே போங்கள்.

உளுந்துக்கு: ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விடுங்கள். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது. மூழ்கினால் ஏறவில்லை. சமையல் தராசு இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 100 மில்லி பிடிக்கும் குவளையில் மாவை நிரப்பினால் அது 100 கிராமைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும்.

அரிசிக்கு: ஒரு தேக்கரண்டி மாவை உயரமான கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரவைத் துணுக்குகள் சில வினாடிகளில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மாவாகிப் போனது பால் போலக் கலங்கி நின்று, பல நிமிடம் கழித்துத்தான் இறங்கும். அடியில் கண்ணுக்குத் தெரியும் ஒரு ரவை அடுக்கு, மேலே வெண்கலங்கல், இரண்டும் இருந்தால் இட்லிக்குச் சரியான பதம். முழுக்க வெண்கலங்கல் என்றால் தோசைக்குப் போய்விட்டது. தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருந்து எல்லாம் அடியில் கிடந்தால் இன்னும் அரைக்க வேண்டும். விரல் நுனியில் தேய்த்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ஈரம் அதிகமான மாவு விரலுக்கு நைசாகத் தோன்றி ஏமாற்றும்.

அறிகுறி: அரை மணி நேரம் ஓடியும் உளுந்து பொங்கவில்லை

பத்தில் ஏழெட்டு முறை இதற்குக் காரணம் தண்ணீர் ஊற்றிய விதம். தண்ணீர் கல்லுக்கு நடுவில் மசகு போல வேலை செய்கிறது. தொடக்கத்திலேயே 300 மில்லியை ஊற்றிவிட்டால், கல்லுக்கும் உளுந்துக்கும் நடுவே நீர்ப்படலம் நின்று, பருப்பு நசுங்காமல் வழுக்கிச் சுற்றுகிறது. கிரைண்டர் சத்தமே இல்லாமல் இலகுவாக ஓடும். அந்த அமைதி நல்ல அறிகுறி அல்ல.

செய்ய வேண்டியது: 100 மில்லி தண்ணீரோடு தொடங்குங்கள். கல் சுற்ற ஆரம்பித்தபின் உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். 5 நிமிடம் கழித்து, 3 அல்லது 4 நிமிடத்துக்கு ஒரு முறை 40 முதல் 50 மில்லி தெளித்துக்கொண்டே வாருங்கள். மொத்தம் 350 முதல் 450 மில்லி வரை இழுக்கும். நேரம் 30 நிமிடத்தை ஒட்டி ஆகும். மாவு கல்லின் மேல் ஏறி, உருண்டு, பளபளப்போடு மடிந்து விழுவதுதான் தண்ணீர் சரியாக இருப்பதற்கு அடையாளம். ஏற்கெனவே நீர்த்துப்போயிருந்தால் மீட்க ஒரே வழி, ஊறிய உளுந்து ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டு உரசலைத் திரும்ப வரவைப்பது.

தண்ணீர் சரியாக இருந்தும் பொங்கவில்லை என்றால் ஊறிய நேரத்தைப் பாருங்கள். உளுந்தின் புரதமும், அதிலுள்ள அராபினோகேலக்டன் என்ற கொழகொழப்பான பொருளும் சேர்ந்துதான் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. 5, 6 மணி நேரம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் இவற்றில் ஒரு பங்கு கரைந்து வெளியே போய்விடுகிறது. ஊறவைக்கும் முன்பே நன்றாகக் கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரையே குளிரவைத்துத் தெளிப்பதற்குப் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் டப்பாவில் கிடந்த பருப்பு என்றால் எவ்வளவு பாடுபட்டாலும் பாதிதான் பொங்கும். அப்போது உளுந்தின் அளவை 250 கிராமாகக் கூட்டுவதுதான் வழி.

அறிகுறி: மாவு கையில் சுடுகிறது

கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிகிறதென்றால் மாவு கையின் சூட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். உளுந்தில் இந்தச் சூடு இரண்டு விதமாகக் கெடுக்கிறது. சூட்டில் மாவின் பிசுபிசுப்பு இளகி, சிரமப்பட்டு ஏற்றிய காற்று வெளியேறிவிடும். அடுத்து, இட்லியைப் பொங்கவைக்கும் முக்கியமான பாக்டீரியா லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ். அது 20 முதல் 30 டிகிரியில் செழிக்கும், 40ஐத் தாண்டினால் வளராது. பெரிய பாத்திரத்தில் கெட்டியான மாவு சூடாகவே மூடிக் கிடந்தால் ஆறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் வேலை நடக்காது.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 வாட் மிக்ஸி ஒரு நிமிடம் ஓடினால் 45 கிலோ ஜூல் ஆற்றல் செலவாகிறது. அதில் பாதி மட்டும் மாவுக்குப் போகிறது என்று வைத்தாலும் 22 கிலோ ஜூல். அரைக் கிலோ கெட்டி மாவின் சூட்டை ஒரே நிமிடத்தில் 12 டிகிரி போல ஏற்ற இது போதும். 150 வாட் கிரைண்டரோ நிமிடத்துக்கு 9 கிலோ ஜூல்தான் எடுக்கிறது. அதையும் கனமான கல்லும் ஸ்டீல் டிரம்மும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிரைண்டர் மாவு நன்றாக வருவதில் மாயம் ஒன்றுமில்லை. மெதுவாக உரசுகிறது, உரசிய சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும் என்றால்: ஊறிய உளுந்தை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். 30 வினாடி ஓட்டி 1 நிமிடம் நிறுத்துங்கள். தண்ணீரின் ஒரு பகுதிக்குப் பதில் ஐஸ் போடுங்கள். 100 கிராம் ஐஸ் உருகும்போது 33 கிலோ ஜூல் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதாவது மேலே சொன்ன கணக்கில் ஒன்றரை நிமிட ஓட்டத்தின் சூடு. ஆனால் ஐஸ் உருகித் தண்ணீராகும் என்பதை மறந்துவிட்டு வழக்கமான தண்ணீரையும் ஊற்றினால் மாவு நீர்த்துவிடும். ஐஸின் எடையைத் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரிலேயே சுடுகிறதென்றால் வேறு கதை. தண்ணீர் போதாமல் மாவு இறுகிக் கல் திணறுகிறது, அல்லது மேலே உள்ள அழுத்தத் திருகு அளவுக்கு மேல் முறுக்கப்பட்டிருக்கிறது. உருளைக்கல்லைக் கையால் தள்ளிப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கியபின்). சிறு தடையோடு உருள வேண்டும். அசையவே மறுத்தால் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். உருளைக்கல் உருண்டுகொண்டே கொஞ்சம் வழுக்கவும் வேண்டும். உருளும்போது நசுக்குகிறது, வழுக்கும்போது தேய்த்து அரைக்கிறது. திருகை இறுக்கி உருளவிடாமல் செய்தால் முழுவதும் வழுக்கல்தான். சூடு ஏறும், கல்லும் தேயும்.

அறிகுறி: 12 மணி நேரம் ஆகியும் மாவு உயரவில்லை

முதலில் முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாசனை இருக்கிறது, உயரம் இல்லை என்றால் பாக்டீரியா தன் வேலையைச் செய்திருக்கிறது. வந்த கரியமில வாயுவைப் பிடித்து வைக்க உளுந்தில் வலு இல்லை. மேலே சொன்ன உளுந்துச் சோதனைக்குத் திரும்புங்கள்.

வாசனையும் இல்லை என்றால் வேகம் போதவில்லை. சூழல் குளிர்ச்சியாக இருக்கலாம். அல்லது அரிசி பெரிய துணுக்குகளாகவே நின்றிருக்கலாம். பாக்டீரியாவுக்கு வேண்டிய சர்க்கரையின் ஒரு பங்கு, தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதால் கிடைக்கிறது. நொதி துணுக்கின் மேற்பரப்பில்தான் வேலை செய்யும். அதிலும் கல் உரசிக் காயப்பட்ட மாவுச்சத்து மணிகளைத்தான் எளிதில் தாக்கும். குருணை குருணையாக நிற்கும் அரிசியில் இந்த இடம் குறைவு. குளிர்காலத்தில் அரிசியை வழக்கத்தைவிட 3, 4 நிமிடம் கூடுதலாக அரைப்பதற்கு இதுதான் நியாயம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், குளிர்நாடுகளில் இருப்பவர்களும் மாவை 28 டிகிரி அருகில் வைக்க வழி செய்ய வேண்டும். விளக்கு மட்டும் எரியும் ஓவன் போதும். ஓவனையே சூடாக்கி மாவை உள்ளே வைப்பது வேண்டாம், பாத்திரத்தின் ஓரத்து மாவு வெந்துவிடும். கலக்கும்போது கையால் 2 நிமிடம் நன்றாக அளைந்து கலப்பதும் பலன் தரும். உளுந்து மாவில் உள்ள நுண்ணுயிரிகள் அரிசித் துணுக்குகளின் மேல் சமமாகப் பரவும்.

அறிகுறி: மேலே நுரை, அடியில் மணல் போல ரவை

புளித்த மாவில் கரண்டியை அடிவரை விட்டால் கரகரவென்று தட்டும். நுரைத்த உளுந்து மாவு ஒரு வலை போல அரிசித் துணுக்குகளைத் தாங்கிப் பிடிக்கிறது. துணுக்கு பெரிதாக ஆக அது கீழிறங்கும் வேகம் மிகக் கூடுகிறது, வலை தாங்காது. அரிசியை இன்னும் 5 நிமிடம் அரைத்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும். அரிசிக்கு மொத்தம் 500 முதல் 600 மில்லி தண்ணீர், 20 நிமிடத்தை ஒட்டிய நேரம் என்பது பொதுவான அளவு.

டிரம்மின் சுவரில் ஒட்டிய மாவைத் தள்ளிவிடும் நைலான் தகடு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவருக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டால் ஓரத்தில் ஒட்டிய அரிசி கல்லுக்குப் போகாமலே சுற்றிவரும். அப்போது பாதி நைஸ், பாதி குருணை என்று கலவையாக வரும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் தீராது. தகட்டை மாற்ற வேண்டியதுதான்.

இந்த மாவைக் கலக்கி இட்லி ஊற்றினால் குமிழிகள் உடைந்துபோகும். மேல் பாதியை எடுத்து இட்லிக்கு வைத்துக்கொண்டு, அடியில் உள்ளதை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுத் தோசைக்கு எடுங்கள்.

அறிகுறி: மாவு நன்றாகப் பொங்கியும் இட்லி பசை போல, அல்லது கல் போல

பசை என்றால் அரிசி நைசாகிவிட்டது. மேற்பரப்பு கூடக் கூடத் துணுக்குகள் தண்ணீரை அதிகம் இழுத்து, வேகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நடுவே நடுவே உறுதியாக நிற்கும் ரவை இல்லாததால் இட்லி அடர்ந்து பல்லில் ஒட்டும். மாவு வீணாகவில்லை, தோசைக்கு இதைவிட நல்ல பதம் கிடையாது. மெல்லியதாகப் பரவும், கல்லில் படும் பரப்பு முழுவதும் சமமாகச் சிவக்கும். இட்லிதான் வேண்டும் என்றால் இட்லி ரவை 100 கிராமைக் கழுவி, 20 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, மெதுவாகக் கலந்து ஊற்றலாம்.

கல் போல என்றால் உளுந்து குறைவு, அல்லது புளித்த மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்கியது. இட்லித் தட்டில் ஊற்றும் முன் கலக்காதீர்கள், மேலிருந்து அள்ளி ஊற்றுங்கள். ஆவி வந்தபின் 10 முதல் 12 நிமிடம்.

அறிகுறி: காலையில் பாத்திரம் வழிந்து, புளிப்பு தாங்கவில்லை

சென்னை மே மாதத்தில் 6, 7 மணி நேரத்தில் இது நடந்துவிடும். நைசாக அரைத்த மாவில் இன்னும் சீக்கிரம். கோடையில் அரைக்கும் பதத்தை மாற்ற வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். இரவு 10 மணிக்கு அரைத்தால் குளிர்ந்த தண்ணீரில் அரைத்து, உயர ஆரம்பித்ததும் ஃபிரிட்ஜில் தூக்கி வையுங்கள். ஆழமான ஒரே பாத்திரத்தைவிடச் சிறிய இரண்டு பாத்திரங்களில் வைத்தால் சீக்கிரம் குளிரும்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, டிரம் நிற்கிறது, ரப்பர் கருகும் வாசனை

இங்கே குறைபாடு நேர்மாறானது: உரசல் வேண்டிய இடத்தில் உரசல் இல்லை. பெல்ட், அது ஓடும் சக்கரமான புல்லியைப் பற்றிக்கொண்டால்தான் டிரம் சுற்றும். பெல்ட் தளர்ந்தாலோ, அதன் மேல் மாவுத் தண்ணீரோ எண்ணெயோ பட்டாலோ நழுவ ஆரம்பிக்கும். நழுவும் இடத்தில் சூடாகி ரப்பரின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகும். வழுவழுப்பானதும் இன்னும் நழுவும். தொடக்கத்திலேயே நிறுத்தாவிட்டால் ஒரு மாலைக்குள் பெல்ட் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. டிரம்மில் உள்ள மாவை எடுத்துவிட்டு, கிரைண்டரைச் சாய்த்து அடிமூடியைக் கழற்றுங்கள். பெல்ட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உலர்ந்த துணியால் பெல்ட்டையும் புல்லியையும் துடைத்துவிட்டு இறுக்கினால் போதும். மோட்டாரைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, நீள்துளையில் மோட்டாரைச் சற்று வெளிப்புறம் இழுத்து, திரும்ப இறுக்க வேண்டும். பளபளப்பாகவோ ஓரத்தில் நார் பிரிந்தோ இருந்தால் புதிய பெல்ட் போடுங்கள். அளவு பழைய பெல்ட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் நழுவாது, ஆனால் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும்.

பெல்ட்டில் எண்ணெய், சோப்பு, மெழுகு எதையும் தடவாதீர்கள். கிறீச் சத்தம் கேட்டால் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. பெல்ட் விஷயத்தில் அது கேட்டையே கொண்டுவரும்.

காலி டிரம்மோடு வைத்தும் மோட்டார் சுற்றாமல் ம்ம்ம் என்று மட்டும் முனகினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் பழுது. அணைத்தபின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி: மாவில் நறநறப்பு, அல்லது கருப்புக் கீற்று

நறநறப்பு கல்தூள். புதிய கிரைண்டரிலும் கொத்திய கல்லிலும் வருவது இயல்பு. ஊறவைத்த மலிவு அரிசி ஒரு ஆழாக்கு போட்டு 15 நிமிடம் ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு துளி மாவை வைத்துத் தேய்த்தால் கல்தூள் இருந்தால் கீறும் சத்தம் கேட்கும், அரிசித் துணுக்கு என்றால் நசுங்கும். சத்தம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய கிரைண்டரில் திடீரென்று நறநறத்தால் காலியாக ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவே தானியமோ தண்ணீரோ இல்லாமல் கல்லோடு கல் உரசினால் கல்தான் மாவாகும்.

கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று கடினம் வேறுபட்ட மணிகள் இருக்கின்றன. மெத்தென்றது முதலில் தேயும், கடினமானது நிற்கும். அதனால்தான் பல வருடம் ஓடியும் கல் ஓரளவு சொரசொரப்பாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டத்தில் வழவழத்துவிடும். வழக்கமான தண்ணீர், வழக்கமான அளவு, ஆனால் 30 நிமிட வேலைக்கு 45 நிமிடம் ஆகிறதென்றால் கல்லை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் வழுக்கினால் கொத்துவதற்கு நேரம் வந்துவிட்டது.

கருப்புக் கீற்று வேறு: உருளைக்கல்லின் நடுத்துளையில், அச்சைச் சுற்றி உள்ள புஷ் என்ற வளையம் தேய்ந்து, கல் ஆடி, அச்சில் உரசுகிறது. கல்லைக் கழற்றி அச்சில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றலாம், அச்சிலும் பள்ளம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பள்ளம் விழுந்த அச்சு புதிய புஷ்ஷையும் சீக்கிரமே தின்றுவிடும். டிரம்மின் நடுத்தண்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய்விட்டது. மாவில் படாவிட்டாலும் அன்றோடு நிறுத்துங்கள், அடுத்து நனையப்போவது மோட்டார்.

ஒவ்வொரு முறையும் அரைத்து முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி 1 நிமிடம் ஓட்டிவிட்டு, உருளைக்கல்லைக் கழற்றிக் கழுவி, அச்சுத் துளையில் காய்ந்த மாவு ஒட்டாமல் துடைத்துத் தனியே காயவையுங்கள். கல்லை டிரம்முக்குள்ளேயே ஈரத்தோடு பூட்டி வைத்தால் துளைக்குள் மாவு சிமெண்ட் போல இறுகும். அடுத்த முறை ஓட்டும்போது முதலில் தேய்வது புஷ்தான்.